டப் கவிதை வாய்க்கு வந்த பேச்சு அல்ல

"ஜமைக்காவின் ரெக்கே இசைத் தாளம் ஓடும்போது மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுவதுதான் டப் கவிதை" என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு.

அப்படிப் பேசியவர்கள் ஜமைக்காவின் டீஜேக்கள். பாடகரின் குரலை நீக்கி, டிரம்மையும் பேஸையும் ஓங்கி ஒலிக்கவிட்ட, 'டப்' எனப்படும் இசைத்தட்டின் மறுபக்கத்தை ஓடவிட்டு, அதன்மேல் மைக்கில் பேசுவார்கள். டப் கவிஞர்களும் அந்தத் தாளத்தில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் இவர்களிடம் கவிதை முதலில், இசை பிறகு. ஜமைக்காவில் பிறந்த லண்டன் கவிஞர் லிண்டன் குவேசி ஜான்சனின் 'டிரெட் பீட் அண்ட் பிளட்' 1975-இல் புத்தகமாக வந்தது, இசைத்தட்டு 1978-இல்தான். வாத்தியமே இல்லாமலும் அவர் கவிதையை வாசிப்பார். தாளம் சொல்லுக்குள்ளேயே இருக்கும்.

அவருடைய 'சன்னீஸ் லெட்டா' (சன்னியின் கடிதம்) கவிதை, லண்டனின் பிரிக்ஸ்டன் சிறையிலிருந்து மகன் அம்மாவுக்கு எழுதும் கடிதம். பஸ்ஸுக்குக் காத்து நின்ற தம்பி ஜிம்மைப் போலீஸ் பிடித்து அடிக்கிறது. தடுக்கப்போன அண்ணன் திருப்பி அடித்ததில் ஒரு போலீஸ்காரர் சாக, அவன்மேல் கொலைக் குற்றம். தம்பியைப் பார்த்துக்கொள்வதாக அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு உடைந்ததே என்பதுதான் அவன் துயரம். இவ்வளவு கவனமாகச் செதுக்கியதை வாய்க்கு வந்த பேச்சு என்பது பெரிய அநியாயம்.

வெறும் சந்தேகத்திலேயே ஆளைப் பிடிக்க 1824-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் போலீசுக்கு இடம் தந்திருந்தது. கறுப்பின இளைஞர்களே அதில் அதிகம் சிக்கினார்கள். அதை எதிர்த்த கவிதை இது. அந்தப் பிரிவு 1981-இல் நீக்கப்பட்டது.