டிரான்ஸ்ஃபார்மர் சுருதியைச் சரிசெய்யாது

பெரம்பூரில் அமெரிக்க ஹேமண்ட் ஆர்கன் (மின்சாரத்தில் இயங்கும் கீபோர்டு வாத்தியம்) வாங்க இருப்பவருக்கு, "230 வோல்ட்டை 115 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போதும், சுருதி தானாகச் சரியாகிவிடும், உள்ளே தேங்காய் எண்ணெயும் விடலாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மட்டுமே மாற்றும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலைவு) அப்படியேதான் இருக்கும். பி-3 மாடல் போன்ற பழைய ஹேமண்டுகளில் ஸ்வரங்களை உண்டாக்கும் 91 ஒலிச் சக்கரங்களைச் சுழற்றுவது ஒரு சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது ஹெர்ட்ஸ்தான். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்த மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 440 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டிய ஸ்வரம் ஏறக்குறைய 367இல் ஒலிக்கும். ராயபுரத்தில் ஒரு வீட்டில் இதை நானே கேட்டேன். ஸி ஸ்வரக் கட்டையை அழுத்தினால், அதற்குக் கீழே உள்ள ஏ ஸ்வரத்தைவிடவும் சற்றே கீழே ஒலித்தது. பக்கத்தில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்த பையன் தன் கம்பிகள்தான் இளகிவிட்டன என்று நினைத்து முறுக்க ஆரம்பித்துவிட்டான். பற்சக்கர விகிதம் நிலையானது என்பதால் ஆர்கனுக்குள் திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது.

60 ஹெர்ட்ஸ் தரும் ஃப்ரீக்வென்சி கன்வெர்ட்டர் வேண்டும். இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ் மாடலாகத் தேடுங்கள். பின்பலகையில் உள்ள தகட்டில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று படித்துவிட்டு விலை பேசுங்கள்.

தேங்காய் எண்ணெய் விடலாம் என்பதும் தவறு. ஆர்கனுக்குள் இருக்கும் எண்ணெய்க் குப்பியில் ஊற்றுவது மெல்லிய பருத்தி நூல்கள் வழியாகத்தான் பேரிங்குகளுக்குப் போகிறது. பிசுபிசுத்து உறையும் எண்ணெய் அந்த நூல்களை அடைத்துவிடும். ஹேமண்டுக்கென்றே விற்கும் எண்ணெயை ஆண்டுக்கு ஒருமுறை விட்டால் போதும்.