கதைக்கு நீதி கேட்காதீர்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "பையனுக்கு எட்டு வயசு ஆகுது, நல்ல புத்தகமா நாலு சொல்லுங்க." நான் பட்டியல் அனுப்புவதில்லை. உங்கள் தெருவில் ஒன்பது வயசுப் பிள்ளை யாராவது இருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள் என்றுதான் பதில் போடுகிறேன். தட்டிக்கழிக்கிறேன் என்று சிலருக்கு வருத்தம். அப்படியெல்லாம் இல்லை. பிள்ளைகளுக்குப் புத்தகம் சொல்லும் தகுதி முதலில் பிள்ளைகளுக்குத்தான் உண்டு என்று நிஜமாகவே நம்புகிறேன். கமெண்டில் சொன்னால் சண்டை வருகிறது, அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் தெருப் பிள்ளைகள் கூடுவார்கள். அமைப்பு, பெயர், பேனர் எதுவும் கிடையாது. பிடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டு வரவேண்டும், அதைப் பற்றிச் சொல்லவேண்டும், கேட்டுவிட்டு யாருக்கு ஆசை வருகிறதோ அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அவ்வளவுதான். பின் தெருவில் விசைத்தறி ஓடுகிற நாளென்றால் கத்தித்தான் சொல்லவேண்டும். முடிந்ததும் தட்டுவடை செட் உண்டு, இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் பீட்ரூட் துருவலும் வைத்தது. அதற்காகத்தான் இவ்வளவு கூட்டம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டுமே. எங்கள் கூட்டத்துப் புத்தகங்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம், எந்தப் பக்கத்திலாவது பீட்ரூட் கறை இருக்கும்.

அங்கே ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் 'டாக் மேன்' கதை சொன்னான். டேவ் பில்கி வரைந்த அமெரிக்க காமிக்ஸ், 2016இலிருந்து வந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலப் பள்ளிகளில் இதைப் படிக்காத பிள்ளையைத் தேடவேண்டும். அவன் சொன்னது இப்படி: "ஒரு போலீசு, ஒரு நாயி. குண்டு வெடிச்சிருச்சு. போலீசுக்குத் தலை போச்சு, நாய்க்கு உடம்பு போச்சு. அதனால நாய்த் தலைய எடுத்து போலீசு உடம்புல வெச்சுத் தெச்சுட்டாங்க." தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், அரசுப் பள்ளியில் நான்காவது படிப்பவன், உடனே கேட்டான்: "எந்த நூல்ல தெச்சாங்க?" சொன்னவனுக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு பேரும் புத்தகத்தை விரித்து, கழுத்துப் பக்கம் தையல் தெரிகிறதா என்று மூக்கு முட்டப் பார்த்தார்கள். அன்றைக்கு அந்தப் புத்தகம் தறிக்காரர் வீட்டுக்குப் போனது. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஆனால் அடுத்த வாரம் வந்து அதே கதையைத் தன் பாணியில், அதில் வரும் பூனை வில்லனுக்கு நம்ம ஊர் அடியாள் குரல் கொடுத்துச் சொன்னான். இதை எந்தப் பட்டியல் செய்யும்?

"அதெல்லாம் படம் பார்க்கிறது, படிக்கிறதா?" என்பவர்களுக்கு ஒரு விஷயம். காமிக்ஸில் இரண்டு கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் பூனையின் வால் ஜாடியை இடிக்கிறது. அடுத்த கட்டத்தில் தரையெல்லாம் சில்லு. ஜாடி விழுந்ததை யாரும் வரையவில்லை, எழுதவும் இல்லை. விழவைத்தது படிக்கிற பிள்ளை. எந்தப் பேச்சுப் பலூனை முதலில் படிப்பது, மேக வடிவப் பலூன் என்றால் மனசுக்குள் நினைப்பது, முள்முள்ளாக இருந்தால் கத்துவது, முகத்துக்கும் பேச்சுக்கும் பொருந்தவில்லை என்றால் ஆள் பொய் சொல்கிறான் என்பதெல்லாம் யாரும் பாடம் நடத்தாமலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அக்காக்களில் ஒருத்தி ஜப்பானிய மங்கா கொண்டு வந்தபோது, வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும் என்பதைச் சின்னப் பிள்ளைகள் ரெண்டே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தலை சுற்றியது.

டேவ் பில்கியின் கதையையும் சொல்லவேண்டும். சின்ன வயதில் எழுத்துகள் தடுமாறும் டிஸ்லெக்சியாவும், ஓரிடத்தில் உட்கார முடியாத ஏடிஎச்டியும் அவருக்கு இருந்தன. வகுப்பை விட்டு வெளியே அனுப்பினால் வராந்தாவில் உட்கார்ந்து காமிக்ஸ் வரைவாராம். இப்படிக் கிறுக்குப் புத்தகம் போட்டே காலம் தள்ள முடியாது என்று சொல்லி ஆசிரியர் ஒருவர் அதைக் கிழித்தும் போட்டிருக்கிறார். அந்த வராந்தாவில் பிறந்த 'கேப்டன் அண்டர்பேன்ட்ஸ்'தான் 1997இல் புத்தகமாக வந்து உலகம் பூராவும் ஓடியது. நம்ம ஊர்ப் பள்ளி டைரிகளில் இன்றைக்கும் 'மாணவன் காமிக்ஸ் கொண்டு வருகிறான், கண்டிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்புகிறார்கள். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். ஒருநாள் மாடிக்கு உறவுக்காரப் பெரியவர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் பிரியம் உள்ளவர். ஒரு சின்னப் பெண், குரங்கு ஒன்று முதலாளியின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடும் கதையைக் கையைக் காலை ஆட்டி, குதித்துக் குதித்துச் சொல்லி முடித்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது இவர் கேட்டார்: "அருமை. இந்தக் கதையோட நீதி என்ன பாப்பா?" அந்தப் பிள்ளையின் உடம்பு மாறியதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கை இரண்டும் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. குரல் ஒரே சுருதிக்கு வந்தது. "இக்கதையின் மூலம் நாம் அறிவது, பிறர் பொருளுக்கு ஆசைப்படக் கூடாது." குரங்கும் தொப்பியும் எங்கே போயின என்று தெரியவில்லை. அதற்கு அடுத்து முறை வந்த பிள்ளைகள் எல்லோரும் நீதியைத் தயார் செய்துகொண்டே எழுந்தார்கள், கதை இரண்டு வரியில் முடிந்துபோனது.

நமக்கு இது ஊறிப்போன பழக்கம். கதை என்றால் கசப்பு மருந்துக்குத் தடவிய தேன் என்ற நினைப்பு. வேதாளத்தைப் பாருங்கள். 1947இல் ஆரம்பித்த அம்புலிமாமாவில் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் படித்த வேதாளம், கதை முடிந்ததும் விக்கிரமாதித்தனிடம் நீதி கேட்காது. இவர்களில் யார் செய்தது சரி, யாருக்கு அவள் மனைவி, யார் பெரிய தியாகி என்றுதான் கேட்கும். அதில் வாதாட இடம் இருக்கிறது. ராஜா சொன்ன பதிலே தப்பு என்று எங்கள் மாடியில் ஒரு பெண் ஒரு நாள் முழங்கினாள். அந்த மாதிரிக் கேள்வி கேட்கத் தெரியாதென்றால் பெரியவர்கள் சும்மா உட்கார்ந்து தட்டுவடை சாப்பிடலாம்.

சும்மா இருப்பது கஷ்டம்தான். எங்கள் பெரியப்பா பையன் ஒருவர் வந்து இரும்புக்கை மாயாவியைப் பற்றி ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே மாயாவிதான், கரண்டில் கையை வைத்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும், அதற்காக அந்தக் காலத்தில் பள்ளிக்கு மட்டம் போட்டது என்று போய்க்கொண்டே இருந்தது. பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருத்தி மட்டும் "ஷாக் அடிக்காதா மாமா?" என்றாள். (வீட்டில் பிளக் பாயின்ட்டுகளை எல்லாம் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.) நம்முடைய சின்ன வயசு நமக்கு இனிக்கும். அவர்களுக்கு அது வரலாற்றுப் பாடம்.

ஆனால் அவர் பேச்சில் ஒரு உண்மை இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. அவர் காலத்தில் காமிக்ஸ் பெட்டிக்கடையில் தொங்கியது. 1984இல் மட்டும் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிர் என்று வரிசையாக வந்தன. கைக்காசுக்கு வாங்கி, படித்து, பாதி விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்கும் சிவகாசியிலிருந்து லயனும் முத்துவும் வருகின்றன, அச்சும் தாளும் அந்தக் காலத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அன்றைக்குப் படித்த அதே பிள்ளைகள், இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். கௌபாய் டெக்ஸ் வில்லருக்கு அடித்துக்கொள்கிறவர்கள் அவர்கள்தான். தவறில்லை, அவர்கள் இல்லையென்றால் தமிழ் காமிக்ஸே இருக்காது. கஷ்டம் என்னவென்றால், தமிழ் மட்டும் சரளமாகப் படிக்கும் எட்டு வயசுப் பிள்ளைக்கென்று வாராவாரம், கைக்கு எட்டும் விலையில் ஒரு தமிழ்ப் படக்கதை இதழ் எனக்குத் தெரிந்து இல்லை. ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு 'விம்பி கிட்', 'டாக் மேன்' என்று அலமாரி நிறைய இருக்கிறது, விலையும் அப்படி. இந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள். ஒருத்தன் படித்ததை இன்னொருத்தனுக்குத் தமிழில் சொன்னால்தான் அந்தக் கதை இந்தப் பக்கம் வருகிறது. பிள்ளைகள் பகிர்ந்துகொள்வதை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

காமிக்ஸில் வரும் அசட்டு சுப்பாண்டியின் கதையே இப்படிப் பகிர்ந்து வந்ததுதான். திருச்சி வாசகர் ஒருவர் எழுதி அனுப்பிய நம் நாட்டுப்புறக் கதைகளை வைத்து 1983இல் டிங்கிள் பத்திரிகை அவனை ஆங்கிலத்தில் உருவாக்கியது. அங்கிருந்து பூந்தளிர் வழியாகத் தமிழுக்குத் திரும்பினான். இப்போது எங்கள் மாடியில் பிள்ளைகள் அவனை ஆங்கிலத்தில் படித்துவிட்டுச் சேலத்துத் தமிழில் சொல்கிறார்கள். ஒருவேளை அந்த வாசகரின் பாட்டி சொன்னதற்குக் கிட்டத்தட்ட வந்திருப்பார்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', அதற்கு மேலே 'தேன்சிட்டு' என்று கல்வித்துறை இதழ்கள் 2022இலிருந்து வருகின்றன. கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் போட்ட சின்னச் சின்னப் புத்தகங்கள், படிக்கும் திறனுக்கேற்ப 'நுழை, நட, ஓடு, பற' என்று பிரித்தவை, எங்கள் மாடியில் நன்றாகவே சுற்றுகின்றன. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை வைத்துத்தான் தமிழ் படிக்கத் தேறினார்கள். அதில் தறிக்காரர் வீட்டுப் பையன்தான் வாத்தியார். 'நுழை'யிலேயே தடுக்கி விழுகிறார்கள் என்று கிண்டல் வேறு.

ஏற்காட்டிலிருந்து, நாகலூர்ப் பக்கம், ஒரு பெண் லீவுக்குத் தன் சித்தி வீட்டுக்கு வருவாள். அப்பா அம்மா காப்பித் தோட்ட வேலை. முதல் தடவை வந்தபோது வாயே திறக்கவில்லை. அப்புறம் யாரோ ஒரு படப் புத்தகத்தைக் காட்ட, அதில் காப்பிச் செடி வந்தது. பழங்கள் திராட்சை மாதிரி கொம்பு நுனியில் குலையாகத் தொங்கின. "இப்படி இருக்காது," என்றாள். "கொம்ப ஒட்டி, இல வர்ற எடத்துல கொத்துக் கொத்தா இருக்கும். எல்லாம் ஒண்ணா செவக்காது. செவந்தத மட்டும்தான் பறிக்கணும், பச்சயப் பறிச்சா திட்டுவாங்க." மற்ற பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பிவிட்டார்கள். காட்டெருமை பார்த்திருக்கிறாயா, கிட்ட வருமா, முட்டுமா என்று ஒரே கேள்வி. அச்சில் வந்தது தப்பாக இருக்கலாம், தனக்குத் தெரிந்தது சரியாக இருக்கலாம் என்று ஒரு பிள்ளை சபையில் சொல்ல முடிந்தது எனக்குப் பெரிய விஷயம். மலைமேல் அவளுக்குப் புத்தகம் கிடைப்பது இன்னமும் சிரமம்தான், சித்தி பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறாள்.

பிள்ளைகள் தேர்ந்தெடுத்தால் லேசான சமாச்சாரத்தைத்தான் எடுப்பார்கள் என்பதும் முழுக்க உண்மையில்லை. யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் சிறுவர் இலக்கியத்துக்கான சாகித்ய அகாடமி விருதான பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. தப்பான தொடுதலைப் பற்றி ஒரு மரப்பாச்சி பொம்மை சிறுமியிடம் பேசும் கதை. வாங்கி வைத்துவிட்டு, பிள்ளையிடம் எப்படிக் கொடுப்பது என்று தயங்கிய அம்மாக்களை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் அந்தப் புத்தகம் அம்மாக்கள் கையால் போகவில்லை. ஒரு ஆறாம் வகுப்புப் பெண் நாலாம் வகுப்புப் பெண்ணிடம், "இதப் படி, படிச்சுட்டு எங்கிட்ட வா," என்று கொடுத்தாள். அந்த 'எங்கிட்ட வா'வை நாம் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை வந்திருக்குமா?

அதே மாதிரி, பிடிக்கவில்லை என்று சொல்லவும் விடவேண்டும். நான் ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்த விருதுப் புத்தகம் ஒன்றை, "அழுதுட்டே இருக்காங்க அத்தை, போர்" என்று ஒருவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். படித்த புத்தகத்தையே பத்தாவது முறை படிக்கும் பிள்ளையையும் விட்டுவிடுங்கள். புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மைதானத்தில் புத்தகத் திருவிழா நடந்தபோது ஒரு கடையில் பார்த்தேன். பையன் தரையில் சம்மணம் போட்டு காமிக்ஸ் ஒன்றில் மூழ்கியிருந்தான். அவன் அப்பா பொது அறிவுக் களஞ்சியமும் கையெழுத்துப் பயிற்சி நோட்டும் வாங்கிக்கொண்டு வந்து, "அதான் இங்கயே படிச்சு முடிச்சுட்டியே, அப்புறம் எதுக்கு வாங்கணும்?" என்றார். முடித்த பிறகும் வேண்டும் என்று கேட்கிறானே, அதைவிட நல்ல விமர்சனம் ஒரு புத்தகத்துக்கு என்ன வேண்டும்?

போன மாதம் ஒருவர் வந்து, இதை முறைப்படி செய்யலாம் என்றார். மைக், சிறப்பு விருந்தினர், முதல் பரிசு, கலந்துகொண்டவர்களுக்குச் சான்றிதழ், குழு புகைப்படம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பரிசு வந்தால் பிள்ளைகள் பிடித்த புத்தகத்தை விட்டுவிட்டுப் பரிசு கிடைக்கும் புத்தகத்தைக் கொண்டு வருவார்கள். அந்தப் புத்தகத்தை அம்மா தேர்ந்தெடுப்பார், பேச்சை அப்பா எழுதிக் கொடுப்பார். பேச்சுப் போட்டிகளில் நாம் பார்க்காததா?

உதவி செய்யத்தான் வேண்டும் என்றால் ஒன்று செய்யலாம். பரணில் பழைய பூந்தளிர், கோகுலம், ராணி காமிக்ஸ், டிங்கிள், எதுவாக இருந்தாலும் சரி, கொடுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிளாஸ்டிக் உறை போட்டு, ஏலத்தில் என்ன விலை போகும் என்று கணக்குப் பார்த்து வைத்திருப்பது மட்டும் வேண்டாம். இங்கே வந்தால் கை மாறிக்கொண்டே இருக்கும், கிழியும், ஒட்டுவோம், திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சம்மதம் என்றால் இன்பாக்ஸுக்கு வாங்க.