கண்ணாடி செய்த வேலைக்குக் காப்புரிமையா?
காணொளி அழைப்பில் பேசுபவரின் பார்வையைக் கேமராவை நோக்கித் திருப்பும் முறைக்கான காப்புரிமை பற்றிய இந்தக் கட்டுரை, அப்படித் திருப்புவதே புதிய கண்டுபிடிப்பு என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. செய்தி வாசிப்பவர்களின் டெலிபிராம்ப்டர் 1950களிலிருந்தே இருக்கிறது: சாய்ந்த கண்ணாடியில் எழுத்து, அதன் பின்னால் கேமரா. ஆவணப்பட இயக்குநர் எர்ரால் மோரிஸ் அதே கண்ணாடியில் எழுத்துக்குப் பதிலாகத் தன் முகத்தைக் காட்டி, பேட்டி கொடுப்பவரை லென்ஸையே பார்க்கவைத்தார். காணொளி அழைப்பில் கேட்பதும் அதுதானே? 2020இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14 உடன் ஆப்பிளின் காணொளி அழைப்புச் செயலியான ஃபேஸ்டைமில் வந்தது வேறு வகை. அது பார்வையைத் திருப்பவில்லை, படத்தில் கண்களைத் திருத்திக் காட்டியது. ‘யோசனையையே திருடிவிட்டார்கள்’ என்று மேலே கருத்து எழுதியவருக்கு: காப்புரிமை வெறும் யோசனைக்குக் கிடைப்பதில்லை, விண்ணப்பத்தில் உரிமை கோரி எழுதிய வழிமுறைக்குத்தான். எதிரே பேசுபவரின் படத்தைக் கேமராவுக்கு நேர் கீழே இழுத்து வைத்துத்தான் நான் வெகுநாளாகப் பேசுகிறேன். அதற்கும் உரிமத்தொகை கேட்பார்களோ!