முன்னால் போடும் அந்த இரண்டு வரி

இப்போதெல்லாம் கட்டுரைக்கு மேலே இரண்டு வரி போடுவது வழக்கமாகிவிட்டது. நான் இன்ன சாதி, இன்ன வர்க்கம், இந்த ப்ரிவிலேஜோடுதான் எழுதுகிறேன் என்று. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்ட நிம்மதி அதில் கிடைக்கிறது போல. அப்புறம் கீழே எப்போதும் எழுதுவதையே எழுதுகிறோம்.

நான் கோத்தகிரிக்காரி. அப்பா தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க். துரை பங்களா எங்களுக்கு எட்டாது, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டிலும் இருந்ததில்லை. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். சாதியும் கோயில் கமிட்டியில் இடம் கிடைக்கும் சாதி. இதைச் சொல்வது சுலபம். இது எழுத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதுதான் கஷ்டம்.

தொழிலாளர்களைப் பற்றி எழுத லைனுக்குப் போகிறேன். முதலில் எனக்கொரு நாற்காலி வரும். கொழுந்து பறித்துவிட்டு வந்த அக்கா நின்றுகொண்டே பேசுவார். கூலி, லீவு, கழிப்பறை, எதைக் கேட்டாலும் "குறையொண்ணும் இல்லைம்மா". அதை அப்படியே எழுதினால் பொய் இல்லை, அவர் சொன்னதுதான். ஆனால் அது கிளார்க்கையா மகளுக்குச் சொன்ன பதில். பக்கத்து வீட்டுப் பெண் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். அதனால் அந்த நாற்காலி கட்டுரைக்குள்ளேயே, அந்தப் பதிலை ஒட்டியே வரவேண்டும். மேஸ்திரி காதில் விழும் தூரத்தில் இருந்தாரா என்பதும்.

மழையும் அப்படித்தான். எனக்கு அது ஜன்னலுக்கு வெளியே பெய்வது. கொழுந்து எடுப்பவருக்கு, ஈர இலை என்று எடையில் கழிக்கப்படும் கிலோ.

கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் இன்னும் சிக்கல். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி முடிவானது. இங்கே ஓர் ஊரையும் பார்த்திராத பலரைத் 'தாயகம் திரும்பியோர்' என்று அனுப்பிவைத்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் இன்றைய டான்டீ, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். அது வந்தது வனநிலத்தில். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்ற பழங்குடிகள் அதற்கு முன்பிருந்தே வாழ்ந்த பகுதி அது. இலங்கையிலிருந்து வந்த குடும்பமொன்றில் பிறந்த என் தோழி, பாட்டியின் கப்பல் பயணத்தை எழுதும்போது தயங்குவதே இல்லை. பணியர் குடியிருப்பான பாடியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் பேனா நின்றுவிடுகிறது. அங்கே அவள்தான் வந்தேறியவள். என் நாற்காலி அவளுக்கும் அங்கே போடப்படுகிறது.

அப்படியென்றால் அவரவர் கதையை மட்டும்தான் எழுதணுமா என்று சண்டைக்கு வருவார்கள். இல்லை. நான் குவார்ட்டர்ஸ் கதையை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் யார் படிப்பது! தாராளமாக எழுதலாம். என் கேள்வி வேறு. சீசன் வந்தால் "மலை மக்களைப் பற்றி ஒரு கட்டுரை" என்று பத்திரிகையிலிருந்து போன் வருவது ஏன் என்னைப் போன்றவர்களுக்கே? ஆசிரியர்களைத் தெரியும், சொன்ன தேதிக்குக் கொடுப்போம், சரி. ஆனால் டான்டீ லைனிலிருந்து படித்து வந்த பிள்ளைகள் இங்கேயே நன்றாக எழுதுகிறார்கள். அவர்களிடம் பேட்டி எடுத்து நான் எழுதினால், அனுபவம் அவர்களுடையது, பெயரும் சன்மானமும் என்னுடையது. சன்மானம் ஒன்றும் பெரிய தொகை இல்லை, அது வேறு விஷயம். ஆசிரியர்கள் நேராக அவர்களுக்கே போன் போடலாம்.