எஸ்தோனியாவின் விடுதலை நாள் எது?

சோவியத் ஒன்றியம் உடைந்ததைப் பற்றி எழுதும் பலரும் 1991 டிசம்பரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், எஸ்தோனியா உண்மையில் விடுதலை அடைந்தது தீர்மானம் போட்ட 1991 ஆகஸ்ட் 20 அன்று அல்ல. 1992 ஜூன் 20, சனிக்கிழமை. குரோன் என்ற சொந்தப் பணம் புழக்கத்துக்கு வந்த நாள்.

அதுவரை இருந்த சிக்கலைப் பாருங்கள். ரூபிள் நோட்டு அடிப்பது மாஸ்கோ மட்டும். ஆனால் கணக்கில் எழுதிக் கடன் கொடுக்க எல்லாக் குடியரசுகளின் மத்திய வங்கிகளாலும் முடிந்தது. ஒரு நாடு கடனை வாரி இறைத்தால் விலைவாசி எல்லோருக்கும் ஏறும். சிக்கனமாக இருந்த நாட்டுக்குத்தான் நட்டம். கூடவே நோட்டுத் தட்டுப்பாடு வேறு: சம்பளம் ஏட்டில் இருக்கும், பட்டுவாடா செய்யக் காசு இருக்காது.

எஸ்தோனியா மூன்றே நாளில் மாற்றி முடித்தது. ஆளுக்கு 1,500 ரூபிள் வரை, 10 ரூபிளுக்கு 1 குரோன். வரிசையில் நின்றவருக்கு அதிகபட்சம் 150 குரோன். 8 குரோன் ஒரு ஜெர்மன் மார்க் என்று சட்டத்திலேயே கட்டியிருந்தார்கள், ஆக 18.75 மார்க், அவ்வளவுதான். அதற்கு மேல் வைத்திருந்த ரொக்கத்துக்கு 50 ரூபிளுக்கு 1 குரோன். ரொம்பக் கடுமைதான். ஆனால் வரம்பு வைக்காமல் விட்டிருந்தால் பக்கத்துக் குடியரசுகளில் கிடந்த ரூபிளெல்லாம் எல்லை தாண்டி வந்து குவிந்திருக்கும்.

மக்கள் அந்த நோட்டை நம்பியதற்குக் காரணம், பின்னால் இருந்த தங்கம். 1940-இல் சோவியத் விழுங்குவதற்கு முன் வெளிநாட்டு வங்கிகளில் வைத்திருந்த தங்கத்துக்கு ஈடாக 11 டன்னுக்கு மேல் திரும்பக் கிடைத்தது. அதைவிட முக்கியம், கையிருப்புக்கு மிஞ்சி நோட்டு அடிக்கவோ அரசுக்குக் கடன் கொடுக்கவோ மத்திய வங்கிக்கு அதிகாரமே இல்லை. (5 குரோன் நோட்டில் இருந்தவர் சதுரங்க வீரர் பால் கெரெஸ். எவ்வளவு அழகான தேர்வு!)

"குட்டி நாடு, அதனால் முடிந்தது" என்பார்கள். பாதிதான் உண்மை. உக்ரைன் எஸ்தோனியாவுக்கு முன்பே, 1992 ஜனவரியில், கூப்பன் என்ற தற்காலிகப் பணத்தை வெளியிட்டது. ஆனால் நட்டத்தில் ஓடிய ஆலைகளுக்கும் பண்ணைகளுக்கும் மத்திய வங்கி கடன் கொடுத்துக்கொண்டே இருந்தது. 1993-இல் பணவீக்கம் 10,000 சதவீதத்தைத் தாண்டியது. தொடக்கத்தில் ஒரு கூப்பன் ஒரு ரூபிளுக்குச் சமம். 1996 செப்டம்பரில் ஹ்ரிவ்னா என்ற நிரந்தரப் பணம் வந்தபோது, ஒரு ஹ்ரிவ்னா வாங்க 1,00,000 கூப்பன் கொடுக்கவேண்டியிருந்தது.