கட்டுநாயக்கவுக்கு முன்பும் விமானம் பறந்தது

மட்டக்களப்பு, கல்முனைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் பொது அறிவுக் குறிப்பு ஒன்று சுற்றுகிறது: "இலங்கையின் முதல் விமான நிலையம் கட்டுநாயக்க. 1967இல் வெறுங்காட்டில் கனடா கட்டியது. அதற்கு முன் வெளிநாடு போகக் கப்பல் மட்டுமே." இதில் 1960களில் கனடா உதவியது மட்டும் உண்மை. மற்றவை பிழை.

முதல் விமான நிலையம் கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை. 1935இல் அங்கு முதல் விமானம் இறங்கியது. 1947 டிசம்பரில் இலங்கையின் அரச விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் டக்கோட்டா விமானம் அங்கிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கி, சென்னைக்குப் போனது. அந்தக் காலத்திலேயே நம் வடபகுதி விமானப் பாதையில் இருந்தது என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டும். இந்தக் குறிப்பு அதைத்தான் அழித்துவிடுகிறது.

கட்டுநாயக்கவும் வெறுங்காடாக இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படை அங்கே ஓடுபாதை அமைத்திருந்தது. அந்த இடத்தில்தான் 1960களில் கனடாவின் உதவியோடு சர்வதேச நிலையம் எழுந்தது. அந்த நிலையத்துக்கு இருந்த பண்டாரநாயக்க என்ற பெயர் 1977இல் கட்டுநாயக்க என்று மாற்றப்பட்டு, 1995இல் மீண்டும் வந்தது. பழைய பத்திரிகைகளில் இரண்டு பெயர்களும் இருப்பது அதனால்தான்.

விமான நிலையங்களை நடத்தும் அரச நிறுவனத்தின் இணையத்தளத்தில் இந்த வரலாற்றைப் பார்க்கலாம். நூலகத்தில் பழைய நாளிதழ்களையும் புரட்டலாம்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை மனனம் செய்து எழுதினால் புள்ளி போகும். தயவுசெய்து அந்தக் குறிப்பை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால், அதே குழுவில் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.