நீதிபதியை ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பணுமா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அண்ணன் பேசியதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. "அயோவாவில் செய்த மாதிரி இங்கேயும் நீதிபதிகளை ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பணும், அப்பதான் திருந்துவாங்க" என்றார். கைதட்டல் வேறு. தட்டியவர்களில் எத்தனை பேருக்கு அமெரிக்காவின் அந்த அயோவா மாநிலத்தில் நடந்தது தெரியும்?

2009 ஏப்ரலில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், தன்பாலினத் திருமணத்துக்குத் தடை போட்ட சட்டம் செல்லாது என்றது. ஏழு நீதிபதிகள், ஏழு பேரும் ஒருமனதாக. அடுத்த ஆண்டு நவம்பரில், நீதிபதி பதவியில் தொடரலாமா என்று மக்களைக் கேட்கும் வாக்கெடுப்புக்கு அவர்களில் மூன்று பேரின் முறை வந்தது. தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ், மைக்கேல் ஸ்ட்ரெய்ட், டேவிட் பேக்கர். வெளிமாநில அமைப்புகள் பணத்தைக் கொட்டின. 54, 55 சதவீதம் பேர் வேண்டாம் என்று குத்த, மூவரும் பதவி இழந்தார்கள். 1962இல் வந்தது இந்த வாக்கெடுப்பு ஏற்பாடு. அதுவரை அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர்கூட அப்படித் தோற்றதில்லை. லஞ்சம் வாங்கினார்களா? இல்லை. ஒரு தீர்ப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தீர்ப்பை எழுதிய மார்க் கேடிக்கு அந்த வருடம் முறை வரவில்லை, அதனால் அவர் தப்பித்தார். இதையா நமக்கு முன்மாதிரி என்கிறீர்கள்?

"மக்களாட்சியில் மக்கள்தானே எஜமான்" என்பீர்கள். எம்.எல்.ஏ.வுக்கு அது சரி. ஆனால் நீதிபதி ஓட்டுக்குப் பயந்தால், ஓட்டு பலம் இல்லாதவன் எங்கே போவான்? இதே அயோவா நீதிமன்றம்தான் 1868இலேயே ஒரு கறுப்பினச் சிறுமியைப் பொதுப்பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்றது. அன்றைக்கு ஊரைக் கேட்டிருந்தால் அந்தப் பெண் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியிருப்பாளா?

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். எங்கள் வயலுக்குப் போகும் பாதையை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் முள்வேலி போட்டு அடைத்தபோது, மொத்த ஊரும் அவர் பக்கம் நின்றது. அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசக்கூட ஆள் இல்லை. முன்சீப் கோர்ட்டில் பத்திரத்தைப் பார்த்து, பாதை எங்களுடையது என்று தீர்ப்பு வந்தது. அந்த நீதிபதி எங்கள் ஊரில் ஓட்டு வாங்க வேண்டியவராக இருந்திருந்தால்? அப்பா கடைசிவரை வரப்பில் சுற்றித்தான் போயிருப்பார்.

"அப்போ நீதிபதிகளைக் கேள்வியே கேட்கக் கூடாதா?" கேளுங்கள். தீர்ப்பைக் கிழித்துத் தொங்கவிடுங்கள், மேல்முறையீடு செய்யுங்கள், தவறு செய்தவரைப் பதவி நீக்கப் பாராளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். "உனக்குப் பிடித்த தீர்ப்பு, அதனால் பேசுகிறாய்" என்றும் ஒருவர் சொன்னார். 2023 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்ததே, அன்றைக்கு எனக்கு எவ்வளவு வலித்தது என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பு என்று ஒரு வரி எழுதியிருப்பேனா?

அப்புறம் ஒன்று. அந்த அறையில் இருந்த பிள்ளைகளில் யாருக்கெல்லாம் அந்தப் பேச்சு தங்களைப் பற்றியதாக இருந்திருக்கும் என்று அண்ணன் ஒரு நொடி யோசித்தாரா? சட்டம், ஜனநாயகம் என்று என்ன பெயர் வைத்தாலும், அந்தக் கைதட்டல் அந்தப் பிள்ளைகள் காதில் எப்படி விழுந்திருக்கும்? பெரியவர்கள் நாம் இருக்கிற இடத்தில் இப்படி நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

அயோவா தீர்ப்பு 69 பக்கம். அண்ணன் முழுசாகப் படித்துவிட்டு வரட்டும், எந்தப் பக்கத்துக்காக அந்த மூன்று பேர் வேலை போக வேண்டும் என்று காட்டட்டும், உட்கார்ந்து பேசலாம்.